கருப்பாக வேண்டிய நீலப் புடவை

ஜூலை 1, செவ்வாய்

இந்த டைரி ஜனவரியில் மளிகைக் கடைக்காரர் சும்மா கொடுத்தது. இத்தனை மாதமாக முன்பக்கங்களில் என் மனைவி கனகவல்லி கோலம் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். இன்று காலை இட்லிக்கு நடுவில் நான் ஒரு கதையை ஆரம்பித்தேன்.

"இத நான் கல்யாணமான வருஷத்துலருந்து கேக்கறேன்யா. எழுதி வையி. நேரம் கெடைச்சா படிச்சுக்கறேன்" என்று டைரியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சரி, எழுதுகிறேன். என் பெயர் துரைக்கண்ணு. ஆறாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. தொழில் சினிமாவில் லைட்மேன். இப்போது யூனிட்டுக்கு நான்தான் தலை. விளக்கு எங்கே, எத்தனை, எந்த நிறம் எல்லாம் நான் கை காட்டினால்தான்.

இந்த டைரிக்குக் கோடு போட்டவன் மையில் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறான். கோட்டைத் தேடிப் பிடித்து எழுத வேண்டியிருக்கிறது.

ஜூலை 2, புதன்

காலையில் போரூர் போய் ஒரு டீ குடித்துவிட்டு ஸ்டூடியோவுக்கு வந்தேன். போரூர் என் வழியில் இல்லை. இருந்தாலும் அங்கே டீ நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது.

ஸ்டூடியோவில் எங்களுக்குக் கொடுத்திருப்பது மூன்றாவது ஃப்ளோர். உள்ளே ஒரு தெருவையே கட்டி வைத்திருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு முந்திய மெட்ராஸ் தெரு. வரிசையாக வீடுகள், ஒரு சைக்கிள் கடை, குழாயடி, எட்டு விளக்குக் கம்பங்கள். கதைப்படி ராத்திரி. எங்களுக்கு ராத்திரி காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து சாயங்காலம் ஆறு மணிக்கு முடியும். கதவைச் சாத்தினால் போதும்.

அந்தக் காலத்துத் தெருவிளக்கு சோடியம் விளக்கு. இப்போது எங்கே பார்த்தாலும் வெள்ளை. சோடியம் விளக்குக்கு மஞ்சளைத் தவிர வேறு நிறம் தெரியாது. அதன் கீழே போய் நின்றால் சிவப்புச் சட்டை மண் நிறமாகும், நீலச் சட்டை கருப்பாகும், மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே நிறமாவார்கள். நிஜ சோடியம் விளக்கைச் செட்டில் வைத்தால் கேமராவில் துடிக்கும். ஒரு தடவை அணைத்தால் திரும்ப எரிய தாம்பூலம் வைத்து அழைக்க வேண்டும். அதனால் நம்முடைய விளக்கையே கம்பத்துத் தலையில் வைத்து, முன்னால் ஆரஞ்சுக் கலர் பேப்பர் மாட்டுகிறோம். எத்தனை மடி பேப்பர் என்பதில்தான் வித்தை. அதை என் கண் சொல்லும்.

கேமரா ஆதிரை. வயது முப்பதுக்குள் இருக்கும். நாற்பது வருஷம் கேமராமேன்களை சார் சார் என்று கூப்பிட்ட வாய் எனக்கு. முதல் நாள் அவளையும் சார் என்று கூப்பிட்டுவிட்டேன். யூனிட்டே சிரித்தது. உடனே அம்மா என்று சேர்த்தேன். அன்றிலிருந்து அவள் எனக்கு சார்ம்மா. அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

ஜூலை 3, வியாழன்

முதல் இரண்டு கம்பங்கள் முடிந்தன.

சார்ம்மா எடுக்கப்போகிற ஷாட் இதுதான். கதாநாயகி நீலப் புடவை கட்டி அந்தத் தெருவில் நடந்து வருகிறாள். கேமரா தண்டவாளத்தில் கூடவே வருகிறது. இருட்டில் புடவை நீலம். கம்பத்தடிக்கு வந்ததும் கருப்பு. தாண்டினால் மறுபடி நீலம். எட்டுக் கம்பம், எட்டு தடவை, வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டம். இந்த ஒரு ஷாட்டுக்காகத்தான் தெருவையே கட்டியிருக்கிறார்கள். சார்ம்மாவுக்கு இது முதல் படம். இது வரவில்லை என்றால் அவளுக்குக் கஷ்டம், எங்களுக்கும் பெருமை இல்லை.

"துரைண்ணா, வருமா?" என்று கேட்டாள்.

"நீங்க தூங்கி எந்திரிச்சு வாங்க சார்ம்மா. கருகருன்னு நிக்கும்."

பஷீர் ஏணியில் இருந்தான். யூனிட்டில் எனக்கு அடுத்த ஆள் அவன்தான். ஐம்பது வயது. அவனிடம் ஒரு கெட்ட பழக்கம். நான் பேப்பர் மாட்டி, சரி பார்த்து, இறங்கிய பிறகு அவன் ஒரு தடவை ஏறுவான். ஒயர் பார்க்கிறானாம்.

"சந்தேகப் பிராணி. உன் கல்யாணத்துலயும் தாலி கட்டிட்டு முடிச்சு செக் பண்ணியாடா?" என்று கேட்டேன்.

"எங்க கல்யாணத்துல தாலி ஏதுண்ணே" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அவனைப் பார்த்தா என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை.

ஜூலை 4, வெள்ளி

பஷீர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தான். மூன்றாவது, நான்காவது கம்பங்களை நானே ஏறி முடித்தேன். யாரும் பின்னால் ஏறி ஒயர் பார்க்கவில்லை. நிம்மதி.

மதியம் தயிர் சாதம். மாங்காய் ஊறுகாய் கொஞ்சம் கருத்துவிட்டது.

ஜூலை 5, சனி

இன்று ஒத்திகை. கதாநாயகிக்குப் பதிலாக வேறு ஒரு பெண்ணை நீலப் புடவை கட்டி நடக்க விட்டார்கள். முதல் நான்கு கம்பங்கள் மட்டும். நான் நடுத்தெருவில் நின்று பார்த்தேன். முதல் கம்பம் கருப்பு. இரண்டு கருப்பு. மூன்று கருப்பு. நான்கு கருப்பு. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

சார்ம்மா டிவிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணா, மூணுலயும் நாலுலயும் புடவ மாறவே இல்லையே. நீலமாவே இருக்கு."

"கருகருன்னு இருக்கு சார்ம்மா."

"மானிட்டர்ல நீலம்."

"அப்ப மானிட்டருக்கு ஜுரம். ஒரு மாத்திரை போடுங்க."

சிரிப்பு. அவளும் சிரித்தாள். ஆனால் வெளிச்சம் அளக்கிற மீட்டரை எடுத்துக்கொண்டு மூன்றாவது கம்பத்துக்கு வந்தாள். மீட்டரைப் பிடித்தாள், பார்த்தாள், உதட்டைக் கடித்தாள். "இல்லண்ணா. வெளுப்பாதான் இருக்கு. மொதல் ரெண்டும் சூப்பரா இருக்கு. இதுல மட்டும் ஏன்?"

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு யாராவது முகத்தைப் பார்த்தால் வாய் தானாகத் திறக்கும்.

"பஷீரு கொண்டாந்த சுருளு சார்ம்மா. எந்தக் காலத்துப் பேப்பரோ. வெயில்ல காஞ்ச வத்தல் மாதிரி இருக்குது. பேப்பர் கேட்டா அவன் அப்பளத்த மாட்டச் சொல்றான்."

நல்ல சிரிப்பு. பஷீர் மட்டும் சிரிக்கவில்லை. "ஒரே சுருள்தாண்ணே நாலுக்கும்" என்றான்.

"அப்ப சுருளு நடுவுல மட்டும் பழசாயிருக்கும். நாம இல்லையா, நடுவயசுல பழசாகறதில்ல?"

இன்னும் சிரிப்பு. பஷீர் ஏணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். புரொடக்‌ஷன் மேனேஜர் லோகுவும் சிரிக்கவில்லை. ஆனால் லோகு எப்போதுமே சிரிக்க மாட்டான். அவன் குடும்பத்திலேயே பல் தெரியாது.

ஜூலை 6, ஞாயிறு

விடுமுறை. என் வெள்ளை வேட்டி மஞ்சளடித்துக் கிடந்தது. கனகவல்லி துவைக்கிற லட்சணம் அது. அவள் மார்க்கெட் போயிருந்த நேரத்தில் நானே வாளியில் சொட்டு நீலம் விட்டு முக்கி எடுத்தேன். போதவில்லை என்று இன்னும் விட்டேன். மல்லிகைப்பூ மாதிரி வந்தது. கட்டிக்கொண்டு தெருவில் நடந்தபோது இரண்டு மூன்று பேர் பார்த்துச் சிரித்தார்கள். வெளுப்பைக் கண்டால் நம் ஆட்களுக்குப் பொறாமை.

கனகவல்லி வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, வானத்தக் கிழிச்சுக் கட்டிக்கினு வந்துட்ட?"

"வெளுப்பு கண்ணக் கூசுதா?"

அவள் உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பி வந்தாள். கருப்புப் புடவை.

"சாமி கும்புடப் போறியா, துக்க வூட்டுக்குப் போறியா?"

"இது மயில்கழுத்து நீலம்யா. போன தீபாவளிக்கு நீதான் வாங்கிக் குடுத்த."

நாற்பது வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணினால் யாருக்கும் கிண்டல் வந்துவிடும். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லாமல் சொல்கிறாள். நல்ல தேர்ச்சி.

ஜூலை 7, திங்கள்

பஷீர் வரவில்லை. லோகுவிடம் கேட்டேன்.

"நிறுத்திட்டேண்ணே. ஷாட்டுக்கு நாலு நாள் இருக்கு. பழைய பேப்பரக் கொண்டாந்து தலையில கட்டறவன வச்சுக்கினு நான் இன்னா பண்றது? நீங்கதான சொன்னீங்க."

"நான் சும்மா சொன்னேன்யா. தமாசு."

"மீட்டரும் அதத்தான சொல்லுச்சு. மீட்டரு தமாசு பண்ணாது."

புதுச் சுருள் வந்திருந்தது. உறை பிரிக்காத சுருள், நானே பிரித்தேன். பழைய பேப்பரையெல்லாம் கழற்றச் சொல்லிவிட்டு எட்டுக் கம்பத்துக்கும் நானே மாட்டினேன். சாயங்காலம் விளக்குகளைப் போட்டு, தெருவின் கடைசியில் நின்று பார்த்தேன். சோடியம் விளக்கு செத்துப் பிழைத்து வந்த மாதிரி இருந்தது. அப்படி ஒரு மஞ்சள்.

புடவைப் பெண் எட்டுக் கம்பத்தையும் கடந்தாள். சார்ம்மா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுலகூட மாறலண்ணா. தெருவே வெளுத்துடுச்சு."

"புதுச் சுருளும் சரியில்ல சார்ம்மா. இப்பல்லாம் கம்பெனிக்காரன் சாயத்துல தண்ணி ஊத்தறான்."

யாரும் சிரிக்கவில்லை. சார்ம்மா டிவியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். என் முகத்தை அல்ல, கண்ணை. பிறகு, "அண்ணா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு என்ன சாப்பாடு.

ஜூலை 8, செவ்வாய்

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அந்த நீலப் புடவை ஒரு நாற்காலி முதுகில் தொங்கியது. செட் விளக்கெல்லாம் அணைந்திருந்தது. பக்கவாட்டுக் கதவைத் திறந்தேன். வெயில் உள்ளே வந்து புடவை மேல் விழுந்தது.

வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். கருப்பு.

இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். கருப்புதான். விளிம்பில் மட்டும் கொஞ்சம் நீலம் மாதிரி இருந்தது.

மறுபடியும் பார்த்தேன். பிறகு சாப்பிடப் போனேன். சாம்பாரில் உப்பு இல்லை என்று சமையல்காரனைச் சத்தம் போட்டேன்.

கண் சரியில்லாதவன் மேலே விளக்கு மாட்டுகிற பலகையில் ஏறக் கூடாது, பேப்பர் மாட்டக் கூடாது என்று எங்கள் யூனிட்டில் ஒரு விதி உண்டு. நான் போட்டதுதான். போன வருஷம் ஒருத்தனைக் கீழே இறக்கியிருக்கிறேன். நல்ல விதி.

ஜூலை 9, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. ஆளோடு சேர்ந்து உள்ளே உருட்டினேன்.

உடம்பு சரியில்லை என்று ஸ்டூடியோவுக்குச் சொல்லிவிட்டேன். பத்து மணிக்கு உடம்பு சரியாகிவிட்டது. வளசரவாக்கம் போனேன். கண்டக்டரிடம் கேட்டுத்தான் ஏறினேன். கேட்பதில் என்ன தப்பு.

பஷீர் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தான்.

"இன்னாடா, ரெண்டு நாள்ல மிக்ஸிக்கு டாக்டராயிட்டியா?"

"உக்காருண்ணே." நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரு படி கீழே உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து அவன் மனைவி டீ கொடுத்து அனுப்பினாள். குடித்தேன். அவன் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டே இருந்தான்.

"தெருவே வெளுத்துப் போச்சுடா. நீ கொண்டாந்தது இல்ல. புதுச் சுருளு."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் இல்லன்னா வெளுக்கும்னு தெரியும்." ஸ்க்ரூவைத் தட்டில் போட்டான். "நீ எறங்குனதும் நான் ஏறுவேன்ல."

"ஒயரு பாக்க."

"ஒயர்ல இன்னாண்ணே இருக்குது பாக்க? பாக்கெட்ல ஒரு மடி பேப்பர் வச்சிருப்பேன். சொருகிட்டு எறங்குவேன். போன படத்துலருந்து இதான் நடக்குது. அன்னிக்கு வெள்ளிக்கிழமையா போச்சு, நான் இல்ல."

டீ கிளாஸின் அடியில் சர்க்கரை கரையாமல் கிடந்தது. அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

"வாய இன்னாத்துக்குடா வச்சிருக்க? சொல்லவேண்டியதுதான?"

"சொன்னனே. பொங்கலுக்கு முன்னாடி. அண்ணே, கண்ண ஒரு தடவ காட்டிட்டு வாண்ணேன்னு சொன்னேன். நீ இன்னா சொன்ன? என் கண்ணப் பாக்கணும்னா டிக்கெட்டு வாங்கிக்கினு வாடான்னு சொன்ன. யூனிட்டே சிரிச்சுது. அப்பறம் நான் எப்டி சொல்றது?"

ஞாபகம் இருக்கிறது. அன்று நல்ல சிரிப்பு வந்தது.

"நான் லோகு கிட்ட பேசறேன். தனியா கூப்ட்டு சொல்லிடறேன். நாளைக்கே வந்துடு."

"தனியாவா?" அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். "பழைய சுருளுன்னு நீ தனியாவா சொன்ன? நாலு பேரு முன்னாடி சொன்ன. இல்லன்னு சொல்றதையும் நாலு பேரு முன்னாடி சொல்லு. எனக்கு இன்னொரு படம் கெடைக்கும்ணே. ஆனா பழைய சுருள் தலையில கட்றவன்னு பேரு வந்துச்சுன்னா, அது நான் போற எடத்துக்கெல்லாம் எனக்கு முன்னாடி போய் உக்காந்துக்கும்."

"எல்லார் முன்னாடியும் சொன்னா என்ன மேல ஏற விடமாட்டாங்கடா."

"ஆமா" என்றான் பஷீர். மிக்ஸியை மூட ஆரம்பித்தான்.

ஜூலை 10, வியாழன்

இன்றும் போகவில்லை. சார்ம்மா போன் பண்ணினாள். நாளைக்குக் காலை வந்துவிடுவேன் என்றேன். விளக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வெண்டைக்காய் நறுக்கினேன். முற்றலையும் பிஞ்சையும் கலந்துவிட்டேன் என்று கனகவல்லி திட்டினாள். மத்தியானம் அவள் ஒரு சீட்டைக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். கண் ஆஸ்பத்திரிச் சீட்டு. திங்கட்கிழமைக்கு.

"யாருக்கு?"

"பக்கத்து வூட்டுப் பூனைக்கு."

"பூனைக்கு இன்னா?"

"எலி எதுத்தாப்ல நின்னு டான்ஸ் ஆடுது. இது போரூர் போய் டீ குடிச்சுட்டு வருது."

என்னோடு சேர்ந்து அவள் வாய் கெட்டுவிட்டது. நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு யோசனை வந்தது. பஷீரை எப்படியாவது வரவழைத்து, நான் முன்னால் ஏற, அவன் பின்னால் ஏற, ஷாட்டும் சரியாகிவிடும். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அருமையான யோசனை. போன் போட்டேன். அவன் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

இன்று ஷாட். நிறைய எழுதவேண்டியிருக்கிறது.

காலை டிபன் முடிந்ததும் எல்லாரையும் தெரு நடுவில் கூப்பிட்டேன். டைரக்டர், சார்ம்மா, லோகு, லைட் ஆட்கள், மேக்கப், காஸ்ட்யூம் எல்லாரும்.

"டீ குடிக்கறவங்க கிளாஸ எடுத்துக்கினே வாங்க. பெரிய விஷயம் இல்ல."

நீலப் புடவையை எடுத்து விரித்துப் பிடித்தேன்.

"இது இன்னா கலரு?"

"நீலம்" என்றார்கள் நாலைந்து பேர்.

"எனக்கு கருப்பு. வெளக்கு போட்டாலும் கருப்பு, போடலன்னாலும் கருப்பு. அதனாலதான் எல்லாக் கம்பமும் எனக்கு ஓகே. பஷீரு கொண்டாந்த சுருள்ல ஒரு குத்தமும் இல்ல. குத்தம் என் கண்ல."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஆரம்பிச்சுட்டாருய்யா" என்றான் ஒருத்தன். மேக்கப்காரர், "அண்ணே, அப்ப நான் உங்க கண்ணுக்கு எப்டி தெரியறேன்?" என்று முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். டைரக்டர்கூடச் சிரித்தார். "டென்ஷன் போச்சுண்ணே, தேங்க்ஸ்" என்றார்.

"நெஜமா சொல்றேன்யா."

இன்னும் சிரிப்பு. நான் நெஜமா என்று சொன்ன எதுவும் இதுவரை நெஜமாக இருந்ததில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். போன படத்தில் நெஜமா என்று சொல்லித்தான் ஒருத்தனை விடுமுறை நாளில் ஸ்டூடியோவுக்கு வரவைத்தேன். சார்ம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உதவிக்கு வரவும் இல்லை. நானே சொல்லட்டும் என்று நின்ற மாதிரி இருந்தது.

என்ன சொன்னால் நம்புவார்கள் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. புடவையை மடித்தேன். ஓரத்தோடு ஓரம் சேரவில்லை. திரும்ப மடித்தேன்.

"லோகு. போன வருஷம் ஒருத்தன கண்ணு சரியில்லன்னு பலகையிலேர்ந்து எறக்குனேன், ஞாபகம் இருக்குதா? அவன் எவ்ளோ கெஞ்சுனான். நான் கேக்கல. அந்த விதிப்படி இன்னிலேர்ந்து நானும் மேல ஏறமாட்டேன். பேப்பர் மாட்டமாட்டேன். எழுதிக்க."

சிரிப்பு நின்றுவிட்டது. மேக்கப்காரர் முகத்தைத் திருப்பிய நிலையிலேயே நின்றார். நாற்பது வருஷத்தில் நான் வாய் திறந்து ஒரு கூட்டம் முழுக்கச் சிரிக்காமல் நின்றது இதுதான் முதல் தடவை. காதுக்கு என்னவோ போல் இருந்தது.

"பேப்பர் கொறச்சலா இருக்கறத கண்டுபுடிச்சு, இவ்ளோ நாளா எனக்குத் தெரியாம சேத்துக்கினு இருந்தவன் பஷீரு. அவனப் பத்தி நான்தான் இங்க நின்னு தப்பா சொன்னேன். இதே எடத்துல நின்னு, இல்லன்னு சொல்றேன்."

லோகு மெல்ல வந்தான். "அண்ணே, அப்ப ஷாட்டு?"

"பஷீரக் கூப்டு."

"போன் எடுப்பானா?"

"என்னுத எடுக்கல. உன்னுதும் எடுக்கமாட்டான். நீதான நிறுத்துன. சார்ம்மாவுத எடுப்பான்."

சார்ம்மா போன் போட்டாள். ஓரமாகப் போய்ப் பேசினாள். என்ன பேசினாள் என்று தெரியாது. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள், கொஞ்சம்தான் பேசினாள். திரும்பி வந்து, "தொழுகை முடிச்சுட்டு வர்றாராம்" என்றாள்.

"அதுக்குள்ள லஞ்ச் வந்துடும். பாதி நாள் போயிடும்" என்றார் டைரக்டர்.

"போகட்டும் சார்" என்றாள் சார்ம்மா.

திங்கட்கிழமை அவனை வேண்டாம் என்ற யூனிட் முழுவதும் இன்று அவனுக்காக உட்கார்ந்திருந்தது. கதாநாயகி நீலப் புடவையோடு சைக்கிள் கடை வாசலில் உட்கார்ந்து போன் பார்த்தாள். லோகு மூன்று தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். நான் குழாயடியில் உட்கார்ந்தேன். என்னிடம் யாரும் வந்து பேசவில்லை. என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அது அவர்களுக்கு வழக்கமில்லை. கடைசியில் நானே மேக்கப்காரரைக் கூப்பிட்டு, "நீ எனக்கு எப்டி தெரியறேன்னு கேட்டல்ல. பவுடர் பூசாத மாதிரி தெரியற. உன் தொழிலுக்கு அது நல்லதில்ல" என்றேன். அவர் சிரிக்கலாமா என்று பக்கத்து ஆளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

பஷீர் வெள்ளை ஜிப்பாவோடு வந்தான். லோகு எதிரே போய் ஏதோ சொன்னான். பஷீர் தலையசைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தான்.

"சொல்லிட்டியாமே."

"மொதல்ல எல்லாரும் சிரிச்சாங்கடா."

"சிரிப்பாங்க" என்றான். ஜிப்பாவின் கையை மடித்துவிட்டான். "பேப்பர் எங்க?"

எட்டுக் கம்பம். எட்டிலும் ஏறி, பார்த்து, சேர்த்தான். ஏணியைப் பிடிக்க ஆள் தேடினார்கள். நான் போய்ப் பிடித்தேன். யூனிட்டில் புதிதாகச் சேர்ந்தவன் செய்கிற வேலை அது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் செய்தது. கை மறக்கவில்லை.

"ஆட்டாதண்ணே."

"நான் ஆட்டலடா. நீ துன்ன மாமியா வூட்டு விருந்து உள்ள ஆடுது."

மேலேயிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாக இருக்கலாம். தொண்டையைச் செருமினதாகவும் இருக்கலாம்.

விளக்குகளைப் போட்டார்கள். எனக்குக் காலையில் இருந்த தெருதான் தெரிந்தது. புடவைப் பெண் நடந்தாள். முதல் கம்பத்தடியில் அவள் வந்ததும் டிவிப் பெட்டிக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். இரண்டாவது கம்பத்திலும் இழுத்தார்கள். அதை வைத்துத்தான் நான் புடவையைப் பார்த்தேன். கருப்பு, நீலம், கருப்பு, நீலம். ஐந்தாவது கம்பத்தில் சத்தம் வரவில்லை. ஆறில் வந்தது. ஏழில், எட்டில் வந்தது.

சார்ம்மா எழுந்து நின்றாள். பழக்கதோஷம், என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"துரைண்ணா, ஓகேவா? போலாமா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாயில் நாலைந்து பதில் வந்து நின்றது. ஒவ்வொன்றும் நல்ல பதில்.

"பஷீரக் கேளுங்க சார்ம்மா" என்றேன்.

பஷீர் எட்டாவது கம்பத்து ஏணியிலேயே நின்றிருந்தான். தெருவைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அவன் அவசரப்படவில்லை.

"அஞ்சாவதுக்கு இன்னும் அரைப் பேப்பரு" என்றான். "அப்பறம் போலாம்."

இறங்கி வந்தான். நான் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் ஐந்தாவது கம்பத்தில் சாத்தி, காலை முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"ஏறுடா" என்றேன்.